ஹலோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹலோ என்பது கிரகாம் பெல்லின் காதலி பெயராமே, உண்மையா?

இல்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இந்தச் செய்தி வந்துவிடும்: "பெல்லின் காதலி பெயர் மார்கரெட் ஹலோ, தொலைபேசியைக் கண்டுபிடித்ததும் அவர் முதலில் உச்சரித்தது அவள் பெயரைத்தான், உலகம் பெல்லை மறந்தாலும் அவர் காதலியை மறக்கவில்லை." கீழே நாலு ரோஜாப்பூ. சித்தப்பா அனுப்புவார், அத்தை இதயம் போடுவார், நான் மறுத்து எழுதுவேன், ஆறு மாதம் கழித்து சித்தப்பாவே மறுபடியும் அனுப்புவார்.

நடந்தது இதுதான். பெல் காதலித்ததும் கல்யாணம் செய்துகொண்டதும் மேபல் ஹப்பர்ட் என்ற பெண்ணை. திருமணம் 1877 ஜூலை 11 அன்று. மேபல் ஐந்து வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சலில் கேட்கும் சக்தியை இழந்தவர். பெல் அடிப்படையில் காது கேளாதவர்களுக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்த ஆசிரியர், மேபல் அவரிடம் படிக்க வந்த மாணவி, பழக்கம் அப்படி வந்ததுதான். ஆக, பெல் தொலைபேசியில் என்ன பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் அந்தப் பக்கம் அவர் காதலிக்குக் கேட்டிருக்காது. கட்டுக்கதையைவிட நிஜக் கதை எவ்வளவோ நன்றாக இருக்கிறது, ஆனால் அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

சரி, அப்போ பெல் முதலில் என்னதான் சொன்னார்?

1876 மார்ச் 10 அன்று பாஸ்டனில், பக்கத்து அறையில் இருந்த உதவியாளரிடம்: "மிஸ்டர் வாட்சன், இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்." அவ்வளவுதான். இதில் ஹலோ இல்லை, காதலியும் இல்லை.

அதற்குப் பிறகும் பெல்லுக்கு ஹலோ பிடிக்கவே இல்லை. அவர் சொல்ல விரும்பியது "அஹோய்". ஒரு கப்பலில் இருந்து இன்னொரு கப்பலைக் கூப்பிட மாலுமிகள் போடும் சத்தம் அது. சாகும்வரை அவர் அந்தப் பக்கமேதான் நின்றார். அவர் ஜெயித்திருந்தால் நாமும் இன்றைக்கு "ஓய்" மாதிரி ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் போனை எடுத்திருப்போம், நினைத்தால் அதுவும் மோசமாக இல்லை.

அப்படியானால் ஹலோவைத் தொலைபேசிக்குக் கொண்டுவந்தவர் யார்?

தாமஸ் ஆல்வா எடிசன். இதற்குக் கடிதமே இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்துத் தொலைபேசி எப்படி இருந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் நம்பர் கிடையாது, டயல் கிடையாது, மணி அடிக்கும் ஏற்பாடே சரியாகக் கிடையாது. ஒரு ஆபீஸுக்கும் இன்னொரு ஆபீஸுக்கும் நடுவில் கம்பி இழுத்து அதை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். இந்த முனையில் பேச ஆள் வந்தாயிற்று என்பது அந்த முனையில் வேறு வேலையாக இருப்பவருக்கு எப்படித் தெரியும்? சிலர் கருவியின் தகட்டைப் பென்சிலால் தட்டினார்கள். அந்தத் தட்டலையே செய்ய வாட்சன் ஒரு சின்னக் கருவி செய்து பார்த்தார், அப்புறம்தான் மணிக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்தக் குழப்பத்தின் நடுவில், 1877 ஆகஸ்ட் 15 அன்று, பிட்ஸ்பர்க்கில் ஒரு தந்தி நிறுவனத்தின் தலைவராக இருந்த டேவிட் என்பவருக்கு எடிசன் எழுதுகிறார். சாரம் இதுதான்: நமக்கு அழைப்பு மணி தேவைப்படாது என்று நினைக்கிறேன், ஹலோ என்று சத்தம் போட்டால் 10 முதல் 20 அடி தூரம் வரை கேட்கிறதே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கவனித்தீர்களா, இங்கே ஹலோ வாழ்த்து இல்லை. அது மணிக்குப் பதில். "டிரிங் டிரிங்" செய்ய வேண்டிய வேலையை மனுஷன் வாயால் செய்வது. இத்தனைக்கும் எடிசனுக்கே காது சரியாகக் கேட்காது, அதனால்தான் அஹோயைவிட நல்லாக் கேட்கும் ஒரு சத்தத்தைத் தேர்ந்தெடுத்தாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம், ஆனால் இது என் ஊகம் மட்டும்தான், இதையும் ஃபார்வர்டு ஆக்கிவிடாதீர்கள்.

இந்தக் கடிதம் நூறு வருஷத்துக்கு மேல் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆவணக் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆலன் கோனிக்ஸ்பர்க் என்ற ஆய்வாளர் அதைத் தேடி எடுத்தார், 1992-ல் செய்தித்தாளிலும் வந்தது.

எடிசன்தான் இந்த வார்த்தையையே உருவாக்கினாரா?

இல்லை, அவர் வேலை கொடுத்தார், அவ்வளவுதான். வார்த்தை அதற்கு முன்பே இருந்தது. இதே எழுத்துக்கூட்டலோடு 1826-லேயே அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துப் பத்திரிகை ஒன்றில் அச்சாகியிருக்கிறது. அதற்கும் முன்னால் ஹல்லோ, ஹொல்லோ, ஹல்லூ, ஹொல்லா, ஹுல்லோ என்று ஒரு பெரிய கூட்டமே உண்டு, எல்லாமே கூப்பிடு சத்தங்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தின் முதல் காட்சியிலேயே, நடுராத்திரி இருட்டில் ஒரு காவலாளி இன்னொருவரை "ஹொல்லா, பெர்னார்டோ" என்று கூப்பிடுவார். வேட்டைக்குப் போகிறவர்கள் நாய்களை உசுப்பிவிட ஹல்லூ என்று கத்துவார்கள்.

இன்னும் பின்னால் போனால் அகராதிக்காரர்கள் பழைய ஜெர்மன் மொழியில் ஒரு வினைச்சொல்லைக் காட்டுகிறார்கள். கொண்டுவா, போய் எடுத்துவா என்று அதற்குப் பொருள், அதன் ஏவல் வடிவத்தை நீட்டிக் கத்தினால் ஹலா, ஹொலா. ஆற்றின் இந்தக் கரையில் நின்றுகொண்டு அந்தக் கரையில் இருக்கும் ஓடக்காரனைக் கூப்பிடுவதற்கு இதைக் குறிப்பாகப் பயன்படுத்தினார்களாம். எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். நடுவில் ஆறு, எதிர்க்கரையில் ஆள் இருக்கிறானா என்று சரியாகத் தெரியவில்லை, இருந்தாலும் ஒரு குரல் கொடுத்துப் பார்க்கிறோம். 1877-ல் எடிசனுக்கு இருந்த பிரச்சினையும் இதேதான், ஆற்றுக்குப் பதில் கம்பி.

பிரெஞ்சு மொழியின் ஹொலா (ஏய், அங்கே நில்லு என்கிற மாதிரி) இந்தக் குடும்பத்தில் கலந்திருக்கிறது என்றும் சொல்வார்கள். சத்தமாகப் பிறந்த சொற்களுக்குச் சுத்தமான வம்சாவளி எழுதுவது கஷ்டம்.

"எல்லா", "எல்லே" என்ற தமிழ்ச் சொல்லில் இருந்து ஹலோ வந்ததா?

வரும் என்று தெரியும், இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். இல்லை, வரவில்லை. தமிழில் "எல்லா", "எல்லே" என்று விளிக்கும் பழக்கம் பழையது என்பது நிஜம்தான். திருப்பாவையின் 15-வது பாசுரமே "எல்லே இளங்கிளியே" என்றுதான் ஆரம்பிக்கும், வாசலில் நின்றுகொண்டு உள்ளே தூங்குகிற தோழியைக் கூப்பிடுவது. வேலை என்று பார்த்தால் ஹலோவும் அதுவும் ஒன்றுதான்: கண்ணில் படாத ஆளை "இருக்கியா, முழிச்சுக்கிட்டியா" என்று கேட்பது. ஆனால் வேலை ஒன்றாக இருப்பதால் வேர் ஒன்றாகிவிடாது. தொலைவில் இருப்பவரைக் கூப்பிட வாயைத் திறந்து உயிரெழுத்தை நீட்ட வேண்டும், எந்த ஊர்க்காரனும் அதைத்தான் செய்வான், அதனால் சத்தங்கள் ஒத்துப்போகின்றன.

இந்த ஆசை நமக்கு மட்டும் இல்லை. ஹங்கேரிக்காரர்களும் இது தங்கள் சொல் என்பார்கள். எடிசனோடு வேலை பார்த்த திவதார் புஷ்காஷ் என்ற ஹங்கேரியர் போனில் தன் மொழியில் "கேட்கிறது" என்று பொருள்படும் "ஹல்லோம்" என்று சொன்னார், அதுவே ஹலோ ஆனது என்பது அவர்கள் ஊர் ஃபார்வர்டு. புஷ்காஷ் நிஜமான ஆள்தான், எடிசனோடு வேலை பார்த்ததும் நிஜம்தான், ஆனால் சொல் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே அமெரிக்காவில் அச்சாகிவிட்டதே.

பெல் தோற்று எடிசன் ஜெயித்தது எப்படி?

இணைப்பகங்களால். 1878 ஜனவரி 28 அன்று கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரர்களோடு வணிக ரீதியான முதல் தொலைபேசி இணைப்பகம் திறந்தது. ஒருவர் கூப்பிட்டால் நடுவில் இருக்கும் ஆபரேட்டர் எடுத்து, யார் வேண்டும் என்று கேட்டு, கம்பியை மாற்றிச் செருக வேண்டும். இந்த ஆபரேட்டர் தினமும் நூறு தடவை ஏதாவது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், அது சின்னதாக, தெளிவாகக் கேட்பதாக இருக்க வேண்டும். அதே வருஷக் கடைசியில் அங்கே வந்த டைரக்டரியில், பேச்சை "ஹல்லோவா" என்று ஆரம்பியுங்கள், பேசி முடித்ததும் "தட் ஈஸ் ஆல்" என்று சொல்லுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். முதல் பாதி உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது, இரண்டாம் பாதியை யாரும் சீண்டவில்லை. நம் வீட்டில் "சரி", "அப்புறம்", "வேறென்ன", "வெச்சுரட்டா" என்று போனை வைப்பதற்கு மட்டும் பத்து நிமிஷம் ஆவதைப் பார்க்கும்போது அந்த இரண்டாம் பாதியும் ஒட்டியிருக்கலாமோ என்று தோன்றும்.

இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து மேட்டுக்குடி வழக்கப்படி, மூன்றாம் ஆள் அறிமுகப்படுத்தாமல் முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுப்பது மரியாதை இல்லை. தொலைபேசியில் அந்தப் பக்கம் யார் என்றே தெரியாது, எஜமானா வேலைக்காரரா என்று தெரியாமல் என்ன மரியாதை கொடுப்பது? ஹலோவுக்கு அந்தத் தொல்லை இல்லை, நீ, நீர், நீங்கள் எதுவும் அதில் கிடையாது.

மெட்ராஸுக்கு எப்போது வந்தது?

1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று ஊர்களிலும் தொலைபேசி இணைப்பகங்கள் முறையாகத் திறக்கப்பட்டன. கல்கத்தாவில் அப்போது 93 சந்தாதாரர்கள். நியூ ஹேவன் திறந்த அதே தேதி, சரியாக நாலு வருஷம் கழித்து, தற்செயல்தான்.

"ஹலோ கேர்ள்ஸ்" என்றால் யார்?

இணைப்பகங்களில் முதலில் வேலைக்கு வைத்தது பையன்களை. தந்தி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த பசங்கள். அவர்கள் வாடிக்கையாளர்களிடம் எடுத்தெறிந்து பேசுவதும், வேண்டுமென்றே தப்பாக இணைத்துவிட்டுச் சிரிப்பதுமாக இருந்ததால் பெண்களைச் சேர்த்தார்கள். 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் வேலைக்குச் சேர்ந்த எம்மா நட் உலகின் முதல் பெண் ஆபரேட்டர். நாள் முழுக்க ஹலோ சொல்லும் வேலை என்பதால் அந்தப் பெயர் வந்தது, மார்க் ட்வைன் 1889-ல் எழுதிய நாவலிலேயே ஹலோ கேர்ள் என்ற சொல் வந்துவிட்டது.

அமெரிக்காவில் இப்போது இந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் நினைவுக்கு வருவது வேறு ஒரு கூட்டம். முதல் உலகப் போரில், 1918-ல், பிரான்ஸில் இருந்த அமெரிக்க ராணுவத்துக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரிந்த ஆபரேட்டர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். 200-க்கும் மேற்பட்ட பெண்கள் போனார்கள், சீருடை போட்டார்கள், உறுதிமொழி எடுத்தார்கள், சிலர் போர்முனைக்குப் பக்கத்தில் குண்டுச் சத்தத்துக்கு நடுவே இணைப்புக் கொடுத்தார்கள். போர் முடிந்து ஊருக்கு வந்ததும் ராணுவம், நீங்கள் சிப்பாய்கள் இல்லை, சிவிலியன்கள் என்று கைகழுவிவிட்டது. முன்னாள் ராணுவத்தினர் என்ற அந்தஸ்து அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்தது 1977-ல். கிட்டத்தட்ட அறுபது வருஷம். அதற்குள் பெரும்பாலானவர்கள் இறந்துபோயிருந்தார்கள்.

ஹலோவில் "ஹெல்", அதாவது நரகம், இருக்கிறதாமே?

எழுத்தில் இருக்கிறது, பொருளில் இல்லை. மேலே சொன்ன பழைய வடிவங்களைப் பாருங்கள், ஹல், ஹொல், ஹுல் என்று உயிரெழுத்து ஊருக்கு ஊர் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆனால் இதை உண்மையிலேயே பிரச்சினையாக்கியவர்கள் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கிளெபர்க் என்ற மாவட்டம் 1997-ல் "ஹெவன்-ஓ" என்பதை அதிகாரப்பூர்வ வாழ்த்தாக அறிவித்தது. நரகத்தை எடுத்துவிட்டுச் சொர்க்கத்தை வைத்துவிட்டார்கள்.

நம் நாட்டிலும் வேறு காரணத்துக்காக ஒன்று நடந்தது. 2022 அக்டோபரில் மகாராஷ்டிர அரசு, அரசு ஊழியர்கள் போனை எடுக்கும்போது ஹலோவுக்குப் பதில் "வந்தே மாதரம்" சொல்ல வேண்டும் என்று ஆணை போட்டது. தாராளமாகச் சொல்லட்டும், என் சந்தேகம் ஒன்றே ஒன்றுதான், நடுவில் லைன் விட்டுவிட்டுக் கேட்டால் என்ன செய்வார்கள்?

ஹலோவுக்குத் தமிழில் "வணக்கம்" என்று சொல்லலாமா?

போனை எடுத்ததும் சொல்லலாம், அழகாகவே இருக்கும், நிறையப் பேர் சொல்கிறார்கள். ஆனால் ஹலோவின் பொருள் வணக்கம் என்று நான் எழுத மாட்டேன். வணக்கத்தில் எதிரே ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு மரியாதை போகிறது. ஹலோவில் ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி. நாம் தினமும் எங்கெல்லாம் ஹலோ சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். எஸ்.டி.டி. பூத் காலத்தில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, மீட்டர் ஓடுகிறதே என்ற பதற்றத்தில் "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று கத்துவோம். கோவில் திருவிழாவில் சவுண்ட் சர்வீஸ்காரர் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்பார். பஸ்ஸில் ஒருவர் பையை விட்டுவிட்டு இறங்கினால் "ஹலோ சார், ஹலோ!" என்று பின்னாலேயே குரல் கொடுப்போம். இந்த மூன்று இடத்திலும் வணக்கம் போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். "ஏங்க", "இந்தாங்க", "கேக்குதா" இவற்றில் ஏதாவது ஒன்றுதான் பொருந்தும்.

அந்த வகையில் பார்த்தால் இந்தச் சொல்லின் பழைய வேலையை இங்கிலாந்துக்காரர்களைவிட நாம்தான் அதிகம் செய்கிறோம். அவர்களுக்கு அது முக்கால்வாசி முகமன் ஆகிவிட்டது, எதிரே வருகிறவரைப் பார்த்துச் சொல்கிறார்கள். நமக்கு நேரில் வருகிறவரைப் பார்த்தால் "வாங்க", "என்ன, சாப்பிட்டாச்சா", ஹலோ தூரத்தில் இருப்பவருக்குத்தான்.

சண்டையிலும் "ஹலோ" வருகிறதே?

வரும். "ஹலோ, என்ன பேசுறீங்க?", "ஹலோ பாஸ், வரிசைல வாங்க." இது முகமன் இல்லை, தட்டி எழுப்புவது. எதிராளி மனசளவில் இங்கே இல்லை, கொஞ்சம் பூமிக்கு வாருங்கள் என்று பொருள். ஆங்கிலத்திலும் இந்தக் கிண்டல் பயன்பாடு உண்டு, இரண்டாவது எழுத்தை இழுத்துக் கேள்வி மாதிரி ஏற்றிச் சொல்வார்கள், இது கூட உனக்குத் தெரியாதா என்று பொருள். மேலதிகாரியிடம் வேண்டாம்.

உச்சரிப்பு ஹலோவா, ஹெலோவா, அலோவா?

ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் உயிரெழுத்து "எ" மாதிரி தெரிந்தாலும் பெரும்பாலானவர்கள் அதை அமுக்கி, பாதி "அ" போலத்தான் சொல்கிறார்கள், அழுத்தம் பின்பாதியில் விழும். அதனால் நம் ஹலோ தப்பே இல்லை. ஊர்ப்பக்கம் பெரியவர்கள் ஹகரத்தை விட்டுவிட்டு "அலோ" என்பதைக் கேலி செய்யாதீர்கள், பிரெஞ்சுக்காரர்களும் போனில் "அலோ" என்றுதான் சொல்கிறார்கள். இன்னும் சொல்லப்போனால் அவர்கள் அலோவைப் போனுக்கு மட்டுமே வைத்திருக்கிறார்கள், நேரில் பார்த்தால் போன்ழூர்.

எல்லா நாட்டிலும் ஹலோதானா?

இல்லை. இத்தாலியர்கள் "ப்ரோன்தோ" என்பார்கள், தயார் என்று பொருள். ஜப்பானில் "மொஷி மொஷி", சொல்கிறேன் சொல்கிறேன் என்கிற மாதிரி. ஸ்பெயினில் "தீகா", அதாவது சொல்லுங்கள். மெக்சிகோவில் "புவெனோ", நல்லது. சீனர்கள் "வெய்". வாழ்த்து என்று பார்த்தால் இதில் எதுவுமே வாழ்த்து இல்லை.

மின்னஞ்சலில் ஹலோ என்று ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். டியர் போட்டால் விறைப்பு, ஹாய் போட்டால் கொஞ்சம் தோளில் கைபோட்ட மாதிரி, ஹலோ நடுவில் நிற்கும். முன்பின் தெரியாத கம்பெனிக்கு, அங்கே யார் படிப்பார்கள் என்று தெரியாதபோது, ஹலோ பாதுகாப்பு. வேலைக்கு விண்ணப்பம், அரசு அலுவலகம் என்றால் பழைய முறையே நல்லது. ஒரே ஒரு வேண்டுகோள்: சாட்டில் வெறும் "ஹலோ" மட்டும் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். எடிசன் காலத்தில் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்று தெரியாது, இப்போது பச்சைப் புள்ளி எரிகிறது, விஷயத்தையும் சேர்த்தே எழுதிவிடலாம்.

கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் புரோகிராம் ஏன் "ஹலோ, வேர்ல்டு"?

பிரையன் கெர்னிகன் என்பவரால். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் எழுதிய பயிற்சிக் குறிப்புகளில் அவர் இந்த எடுத்துக்காட்டைப் பயன்படுத்தினார், 1978-ல் வந்த சி மொழிப் புத்தகம் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆய்வகத்தின் பெயரைப் பார்த்தீர்களா? பெல். வாழ்நாள் முழுக்க ஹலோ சொல்ல மறுத்தவர் பெயரில் இருந்த இடம்.

ஹலோ தினம் என்று ஒன்று இருக்கிறதா?

நவம்பர் 21. எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் போர் நடந்த 1973-ல் ஆரம்பித்தார்கள், அன்றைக்குப் பத்துப் பேருக்காவது ஹலோ சொல்ல வேண்டும், சண்டையைவிடப் பேச்சு மேல் என்று காட்ட. நல்ல எண்ணம். நம் ஊரில் யாரும் கொண்டாடி நான் பார்த்ததில்லை.

போனை எடுத்து ஹலோ சொல்லாவிட்டால் தப்பா?

இப்போது யார்தான் சொல்கிறார்கள்? திரையில் பெயர் வந்துவிடுகிறது, "சொல்லுடா", "சொல்லுங்க அண்ணா", "ம்மா, என்ன?" என்றே ஆரம்பித்துவிடுகிறோம். தெரியாத நம்பருக்கும், லிஃப்டுக்குள் சிக்னல் போனதற்கும் மட்டும்தான் ஹலோ மிச்சம். எங்கள் அப்பா விதிவிலக்கு. என் பெயர், போட்டோ எல்லாம் திரையில் தெரிந்தாலும், கண்ணாடியைப் போட்டு அதை ஒருமுறை படித்துவிட்டு, எடுத்ததும் தெருமுனை வரை கேட்கிற மாதிரி ஒரு "ஹலோ", அப்புறம் "யாரு பேசுறது?" 20 அடி என்று எடிசன் எழுதியது எங்கள் வீட்டுக்குப் போதாது.